காது மாறிய கிட்டார்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலம் என்று போனில் சொல்வதை நான் நம்பவில்லை, அதனால் அதைக் கேட்கப்போவதும் இல்லை. பேச்சு முக்கியமான இடத்துக்கு வந்ததும் 'சரிக்கா, வச்சிடுறேன்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தூக்கிப் போட்டாலும் நீதான் குனிந்து எடுக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உன் அத்தான் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, 'நீ இப்படித்தான் இருப்பியா?' என்று கேட்டார். நீயே வந்து அவரை விசாரித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறேன். கிழித்துவிடாதே, முழுவதும் படி.

பழைய சாமான் கடைக்கு எரிந்துபோன செம்புக் கம்பியை விற்கப் போயிருந்தேன். அங்கே ஓட்டை ஃபேன்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தது. உன்னுடையதைப் போலவே சிவப்பு. உன் கிட்டாரை அறைத்தோழனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.  இதைப் பார்த்ததும் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை இதைச் சத்தம் போட வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. வேறு எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாக.

தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் உன் இடது கை மாட்டியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் விரல் என்ற சொல்லையே எடுப்பதில்லை. 'அந்த விஷயம்' என்கிறோம். நீயும் வீடியோவில் பேசும்போது அந்தக் கையை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் அறைக்குப் போனவன், இன்னும் வீட்டுப் படி ஏறவில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். அந்தத் தொழிற்சாலையில் உனக்கு மட்டும்தான் லீவு இல்லை போலிருக்கிறது.

சரி, கிட்டாருக்கு வருகிறேன். ஒயர் செருகும் இடத்தில் மரம் உடைந்து வாயைப் பிளந்திருந்தது. பழைய மிக்ஸியின் தகட்டை வெட்டி மூடி, புது ஜாக் வைத்தேன். வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தது, அதையும் மாற்றினேன். கம்பிகளுக்குக் கீழே இருந்து சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பைத் திறந்தால், உள்ளே இருப்பது காந்தமும் காயிலும்தான்! இத்தனை வருஷம் நீ நம் தொழிலைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னாயா? மீட்டர் வைத்துப் பார்த்ததில் இரண்டு பிக்கப்பில் ஒன்று உயிரோடு இருந்தது, இன்னொன்று செத்துக் கிடந்தது. நானே சுற்றிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். தலைமுடியை விட மெல்லிய கம்பி, ஃபேன் காயில் கட்டுகிற கைக்கு அடங்காமல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ரோஷத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன்.

வம்பு வந்தது டியூனிங் கீயில்தான். கம்பியை முறுக்கும் அந்த ஆறு காதுகளும் துருப்பிடித்திருந்தன. புது செட் வாங்கி வந்து வைத்தால் திருகுத் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை, காதுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றன. என் வாய் உனக்குத் தெரியும். இசைக் கருவிக் கடைக்குக் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போய், சாமானைப் பார்த்துக் கொடுக்கத் தெரியாதா என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நான் குடுத்தது சரிதாங்க. உங்க கிட்டார்தான் மாறியிருக்கு. இது இடது கைக்காரங்களுக்குன்னு செஞ்சது. வலது கையால கம்பிய அழுத்தணும், இடது கையால மீட்டணும். தெரியாம வாங்கி ஏமாந்துட்டீங்களா?' என்றார்.

சண்டையை அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம், மீட்டுகிற கைக்கு எத்தனை விரல் வேண்டும் என்று கேட்டேன்.

அவர் மேசையில் கிடந்த, கம்பியை மீட்டும் பிக் வில்லை ஒன்றை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினார். 'இந்த ரெண்டு போதும்' என்றார்.

உன் இடது கையில் இருப்பதும் அந்த இரண்டுதான். நான் அங்கேயே அழுதுவிட்டேன். கீ செட் மாறியதற்காக அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மனிதர் பயந்துபோய், சரியான செட்டை வரவழைத்துத் தருகிறேன், அழாதீங்க என்றார்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவரிடம் நன்றாகக் கேட்டுவிட்டேன். இத்தனை நாள் கற்றது கைக்கு வராது, குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும், எரிச்சலாக வரும் என்றார். வரட்டுமே. நீ முதன்முதலாகக் கற்றுக்கொண்ட காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்துகொண்டு போனார். நாங்கள் போனோமா? இன்னொரு முறையும் தாங்குவோம். இப்போது அங்கே குடியிருப்பவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

நேற்று சரியான கீ செட் வந்ததும் மாட்டி, நீ விட்டுப்போன ஸ்பீக்கர் பெட்டியில் செருகிப் பார்த்தோம். முதலில் ஒரே இரைச்சல். எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது, வைத்ததும் அடங்கியது. அம்மா ஒரு விரலால் தட்டினார். வீடு முழுக்கக் கேட்டது. சுருதி சேர்க்கிறேன் பேர்வழி என்று உன் அத்தான் முறுக்கி முறுக்கி இருப்பதிலேயே மெல்லிய கம்பியை அறுத்துவிட்டார். புதுக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். மற்றவற்றைத் தளர்த்திவிட்டேன். எங்களுக்கு அதற்கு மேல் தெரியாது.

நீ இதை வாசிக்கவே வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, சுவரில் மாட்டிவிடுகிறேன். ஆனால் நீ வா. ஆஸ்பத்திரியில் உன் கையைக் கட்டோடு பார்த்ததுதான். அதற்குப் பிறகு நானும் பார்க்கவில்லை, உன்னைப் பெற்றவளும் பார்க்கவில்லை. எங்களுக்குக் காட்டாமல் அதை வேறு யாருக்குக் காட்டப் போகிறாய்? வந்து மேசைக்கு மேலே வைடா, தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நன்றாயிரு. உன் ஏழு விரலுக்கும் என் முத்தம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா