சின்னுவின் பிரசவமும் காரில் செருகிய சார்ஜரும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உன் தங்கை சின்னுவும் அவள் குழந்தையும் எங்களைவிட நன்றாக இருக்கிறார்கள், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய புதுக் காரின் படத்தை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், டயரைக்கூட விடவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி கேட்டிருந்தாய், போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேகமாக ஏறுகிற மாதிரி காருக்கு ஒரு சார்ஜர் வேண்டும், நீங்கள் எதை வாங்கினீர்கள் என்று. அதற்கு ஒரு வரியிலேயே பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சார்ஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சின்னு பிரசவித்த கதையையும் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்த சேதி மட்டும்தான் உனக்கு வந்தது, நாங்கள் எங்கே நின்றுகொண்டு அதைப் பார்த்தோம் என்பது உனக்குத் தெரியாது. போனில் சொன்னால் வேலை நடுவே சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. அப்பா கண்ணாடிப் பட்டறைக்கு வழக்கம்போல் போய் லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிறார். அங்கே புதிதாக வந்திருக்கும் மெஷின் போடுகிற இரைச்சலில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அலைகிறார்களாம், காது கேட்காத இவர் மட்டும் அதன் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அதைக் கையாட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

காரில் முன்பு இருந்த சார்ஜர், பெட்ரோல் போடும் இடத்தில் கண்ணாடி துடைக்கிற துணியோடு சேர்த்து அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது. இரண்டு துளை இருக்கும், எதில் செருகினாலும் ஏறுவது தெரியாது. என் போனில் மேப் ஓட வேண்டும், அப்பாவின் டேப்லெட்டில் வீடியோ ஓட வேண்டும், அழைப்பு வந்தால் அதிர்ந்து சொல்கிற அவருடைய வாட்சுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும், அந்தச் சின்னச் சாதனம் என்ன செய்யும் பாவம். சின்னு ஒன்பதாம் மாதத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வீடியோவில் அப்பாவோடு கையால் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் சாலையோரம் காரை நிறுத்தியிருந்தோம். டேப்லெட் சார்ஜரில்தான் இருந்தது, இருந்தும் சதவீதம் இறங்கிக்கொண்டே போய், ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று சொல்ல அவள் கையை உயர்த்தியபோது அணைந்துவிட்டது. நமக்குப் போன் அணைந்தால் ஒரு எரிச்சல், அவ்வளவுதான், அவருக்கு அது எதிரில் இருந்த பிள்ளை எழுந்து போன மாதிரி. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் போனில் சின்னுவைக் கூப்பிட்டு, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டுச் சொன்னேன், தலையை ஆட்டினார், ஆனால் அவள் கையால் வர வேண்டியது என் கையால் வந்ததில் அவருக்கு நிறைவில்லை என்பது தெரிந்தது.

மறுநாளே கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண் நல்ல மாதிரி, அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டியே விளக்கினாள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கிற வாட் எண் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை, அதைப் பார்த்து மயங்கக் கூடாது. பின்பக்கம் பொடி எழுத்தில், ஒன்றை மட்டும் செருகினால் எவ்வளவு, இரண்டு மூன்றைச் சேர்த்துச் செருகினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று போட்டிருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். உன் லேப்டாப்போடு வந்த சார்ஜரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது பார், போனும் சேர்ந்து செருகியிருக்கும்போது லேப்டாப் துளையில் அவ்வளவு வருகிறதா என்று கேட்டு வாங்கு. அதோடு உன் போனுக்கும் லேப்டாப்புக்கும் எந்த வகை வேகச் சார்ஜிங் என்பதையும் சொல்லிக் கேள், வகை ஒத்துப்போகாவிட்டால் எண் பெரிதாக இருந்தும் ஆமை மாதிரிதான் ஏறுமாம். நாங்கள் டைப்-சி துளை இரண்டும் பழைய அகலத் துளை ஒன்றும் உள்ளதாக வாங்கினோம், குண்டும் குழியுமான சாலையில் ஆடிக் கழன்றுவிடாமல் சாக்கெட்டில் இறுக்கமாக உட்காருகிறது. கேபிள் விஷயத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் கடையிலேயே சண்டை. வீட்டில் டிராயர் நிறையக் கேபிள் கிடக்கிறது, எதற்குப் புதிது என்று அவர். நைந்த கேபிளைப் போட்டால் இந்தச் சார்ஜர் இருந்தும் பயனில்லை என்று அந்தப் பெண் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் நான் பேசுவது நின்றுவிடும் இல்லையா, கல்யாணமான நாளிலிருந்து அவர் வைத்திருக்கும் ஆயுதம் அது. அவர் மூடியிருந்த நேரத்தில் கேபிளையும் சேர்த்துப் பையில் போடச் சொல்லிவிட்டேன்.

வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒரு காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலே சரியில்லை. சின்னுவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் கட்டிய துணியோடு கிளம்பினோம். அப்பா வழக்கம்போல் ஓட்டுநர் பக்கம் போனார், கதவில் கையை வைத்தவர் அப்படியே நின்றார். வாட்ச் அதிர்ந்தது. சின்னு வீடியோவில் அவரைக் கூப்பிடுகிறாள். ஓட்டினால் பேச முடியாது, பேசினால் ஓட்ட முடியாது, அவருக்கு இரண்டுக்கும் அதே கைகள்தான். சாவியை என்னிடம் நீட்டினார். காய்கறி வாங்கவும் பல் டாக்டரைப் பார்க்கவும் தவிர நான் எங்கே ஓட்டியிருக்கிறேன், நெடுஞ்சாலையில் என்னை அவர் நம்பியதே இல்லை. அன்றைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, டேப்லெட்டை ஸ்டாண்டில் மாட்டிக் கேபிளைச் செருகினார். மேப் என் போனில் ஓடியது, வீடியோ டேப்லெட்டில் ஓடியது, இரண்டிலும் சதவீதம் இறங்காமல் மெல்ல ஏறியது. நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பக்கத்தில் அவர் கைகள் காற்றை வெட்டுகிற அசைவு மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. வலி வரும்போது சின்னுவால் வாய் திறந்து பேச முடியவில்லையாம், கையால் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அவருக்கு நம் சைகையில் பாதிதான் புரியும். நர்ஸ் போனை வெளியே எடுத்துப் போகச் சொன்னபோது, இவள் அப்பாவோட பேசிட்டிருக்கா, அதுதான் இவளுக்குத் தெம்பு என்று மன்றாடி அனுமதி வாங்கினாராம். மாப்பிள்ளை மேல் எனக்கு இருந்த சின்னச் சின்ன மனத்தாங்கல் எல்லாம் அதோடு போயிற்று.

பாதி வழி தாண்டியதும் மலையை ஒட்டிய வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் பாறை சரிந்து சாலையை அடைத்திருக்கிறது, மெஷின் வந்து அள்ளுகிறது என்றார்கள். எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள், நானும் அணைத்தேன். சின்னு திரையில் இருந்தாள், டேப்லெட் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று நான்கு விளக்கையும் மின்னவிட்டு, புழுக்கத்துக்குக் காற்றாடியையும் போட்டு வைத்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து முன்வண்டி நகர்ந்தது, சாவியைத் திருப்பினேன், டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினேன், அதே டிக். டேப்லெட் வயிறு நிரம்பியிருக்கிறது, காரின் பேட்டரி காலி. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள் பார், அது அப்பாவுக்குக் கேட்காது, எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. இறங்கி நின்றேன். பின்னால் நின்ற லாரிக்காரர் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அவர் காருக்குள் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்றார். பொண்ணுக்குப் பிரசவ வலி, அப்பாவும் பொண்ணும் பேசிட்டிருக்காங்க என்றேன். அவர் லாரியைக் குறுக்கே நிறுத்திப் பின்னால் இருந்தவர்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, பேட்டரிக்குப் பேட்டரி மின்சாரம் கொடுக்கிற கம்பிகளை எடுக்கத் தன் வண்டிக்குப் போனார். வேறொரு காரை எங்கள் மூக்கருகே நிறுத்தவைத்து அவர் அந்தக் கம்பிகளை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு டேப்லெட்டை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையில் பேசினால் பாதிச் சொல் விழுங்கின மாதிரிதானே. லாரிக்காரர் பார்த்தார், கம்பியைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, டேப்லெட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா இரண்டு கையையும் விரித்து அவளிடம் பேசினார். மூச்சை இழு, விடு, நான் இங்கேயே இருக்கிறேன், என்னைப் பார், என்னையே பார். சின்னு கையால் பேசுவதை நிறுத்திவிட்டாள், கண் மட்டும் இவர் மேலேயே இருந்தது. பிறகு திரை ஆடியது, கூரை தெரிந்தது, யாருடைய தோளோ தெரிந்தது, அப்புறம் சிவப்பாக ஒரு சின்ன முகம் வாயை அகலத் திறந்துகொண்டு வந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். உள்ளங்கை இரண்டும் மேல்நோக்கி, முகம் முழுக்கக் கேள்வி.

“சத்தம் வருதா?”

வருது, பலமா வருது என்று கையால் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டேப்லெட்டின் பின்பக்கம் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். லாரிக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை, கட்டைவிரலால் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினார். உன் மருமகளின் அழுகை உன் அப்பாவின் கைக்குள் போனது. அவர் அப்படியே நின்றார். அந்தக் கையை எடுக்கவே இல்லை.

அப்புறம் கார் உயிர் பிடித்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரைக்கும் நான் எஞ்சினை அணைக்கவே இல்லை. குழந்தை கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி குறையில்லை, இப்போது பாலைக் குடித்துவிட்டு எங்களை ஆட்டிவைக்கிறது. லாரிக்காரரிடம் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஆகவே உனக்குச் சொல்வது, எஞ்சினைப் போட்ட பிறகு சார்ஜரைச் செருகு, அணைத்தால் பிடுங்கிவிடு, சில காரில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் வந்துகொண்டே இருக்குமாம். போனை வெயில் படுகிற இடத்தில் மாட்டாதே, சூடேறினால் ஏறுவது தானாகக் குறைந்துவிடும். சார்ஜர் லேசாக வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, தொட முடியாமல் சுட்டால் தூக்கிப் போடு. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ எப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறாய், குரலில் பேசிவிட்டு அப்பாகிட்ட சொல்லிடும்மா என்கிறாய். நானும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு குறையும் சொன்னதில்லை, கடைசியாக நீ வீடியோவில் வந்தபோது உன் கை தடுமாறியதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு அங்கே கையால் பேச ஆள் இல்லை போல என்று மட்டும் சொன்னார். சார்ஜர் வாங்கியதும் எங்கேயாவது ஓரமாக வண்டியை நிறுத்தி, போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, இரண்டு கையோடும் அவரைக் கூப்பிடு. குளிருக்குத் தலைக்குத் துணி கட்டிக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறை, வண்டியை நிதானமாக ஓட்டு. நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் பல்லாண்டு இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

குழந்தைக்குப் பெயர் என்ன என்று கேட்டிருந்தாயே. ஏட்டில் எழுதுகிற பெயரை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பா கையால் கூப்பிடுகிற பெயரை அன்றைக்கே வைத்துவிட்டார், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நீதான் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா