வாசலில் ஒட்டிய ரிமோட்

செப்டம்பர் 3, 2025, புதன்

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார். அலறிவிட்டேன். மணி அடித்துப் பார்த்துவிட்டு, தன் சாவியால் திறந்து வந்தாராம். காதில் மெஷின் வைத்த பிறகு பேச்சு எட்டுகிறது. அந்த மணியின் கீச்சுச் சத்தம் மட்டும் எட்டவே மாட்டேன் என்கிறது.

சாப்பிடும்போது, "இந்த வருஷம் கொலு வேண்டாமே பிரபா" என்றார். ஏர்போர்ட்டில் இவருக்கு மத்தியான ஷிஃப்ட். மாலையில் கதவு திறக்க நான் ஒருத்திதான். போன நவராத்திரிக்கு மேல்மாடி ராஜலக்ஷ்மி வந்து, நான் திறக்காமல் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து லிஃப்ட்டில் என்னைக் கண்டால் போனைப் பார்க்கிறாள். வெற்றிலை பாக்குக்கு அழைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள் என்று எனக்குப் பெயர். செவிடு என்ற பெயருக்கு அது தேவலை என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

கொலு வைப்பேன். இந்த வருஷம் ஒருத்தரும் திரும்பிப் போகக் கூடாது.

செப்டம்பர் 5, வெள்ளி

தீபாவளிக்கு வாங்கிய எல்.இ.டி. சுருள் பரணில் கிடக்கிறது. கொலுப் படிகளில் ஒட்டலாம். யாராவது வாசலுக்கு வந்தால் அதன் நிறம் மாற வேண்டும். காதுதானே போயிற்று, கண் நன்றாகத்தானே இருக்கிறது? அதற்குத் தோதான கன்ட்ரோலர் ஒன்று பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சுருளோடு வந்த ரிமோட், டிவி ரிமோட் மாதிரி. விளக்குக்கு நேராக நீட்டினால்தான் கேட்கிறது. நடுவில் இவர் நின்றால் தீர்ந்தது. ஆன்லைனில் வரவழைத்த வைஃபை கன்ட்ரோலருக்குப் போனில் ஆப் வேண்டும். வருகிற மாமி ஒவ்வொருத்தியும் ஆப் போட்டுக்கொண்டா வருவாள்? போதாக்குறைக்கு, கரண்ட் போய் வந்தால் அதுவாகவே வெள்ளைக்குத் திரும்பிவிடுகிறது.

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேண்டியது இதுதான்: சுவர் தாண்ட வேண்டும். போன் கூடாது. கரண்ட் போய் வந்தாலும் விட்ட நிறத்தில் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டெல்லியின் எலக்ட்ரிக் கடைத்தெருவான பகீரத் பேலஸுக்குப் போனேன். மூன்று கடைகளில் வைஃபைதான் லேட்டஸ்ட் மேடம் என்று தலையில் கட்டப் பார்த்தார்கள். நாலாவது கடைக்காரர்தான் எத்தனை வோல்ட், எத்தனை மீட்டர் என்று கேட்டார். எழுதிக்கொண்டு போயிருந்தேன் — பன்னிரண்டு வோல்ட், ஐந்து மீட்டர். ரேடியோ ரிமோட் கன்ட்ரோலர் ஒன்றை எடுத்துப் போட்டார். நம்பவில்லை நான். ரிமோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளிப் போய் அழுத்தினேன். வந்து பார்த்தால் விளக்கு சிவந்திருந்தது. ஒரே ரிமோட் இரண்டு கன்ட்ரோலருக்கும் வேலை செய்யுமாம். அப்படியானால் சமையலறைக்கும் ஒன்று. ஹாலில் எது சிவந்தால் என்ன, நான் அடுப்படியில் அல்லவா நிற்பேன்?

மெட்ரோவில் வரும்போதுதான் உறைத்தது. ரிமோட் வீட்டுக்காரி கையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாசலில் ஒட்டிவிடுகிறேன். வருகிறவள் அழுத்தட்டும்.

செப்டம்பர் 20, சனி

எலக்ட்ரீஷியன் குணா வந்தார். ஜங்புராவில் நம்மவர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்த வரைக்கும், கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பார். அதை இடித்த பிறகு ஊர்க்கோடி நரேலாவிலிருந்து மூன்று வண்டி மாறி வருகிறார். அப்படியும் வந்தார். படிகளில் ஒரு சுருள், அடுப்புக்கு மேலே ஒன்று. வாசல் ரிமோட்டில் சிவப்பைத் தவிர மற்ற பொத்தான்களை டேப் போட்டு மூடினார். பழைய நிறத்துக்கு மாற்ற இன்னொரு ரிமோட் என்னிடம்.

"மணி அடிச்சு ஓஞ்சிடும்க்கா. இது நீங்க பாக்கற வரைக்கும் நிக்கும்" என்றார்.

பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். 'மணி பழுது' என்று எழுதினேன். கிழித்தேன். மணிக்கு என்ன கேடு? அது ஒழுங்காகத்தான் அடிக்கிறது. மறுபடி எழுதினேன்: 'எனக்குக் காது கேட்காது. சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், வந்துவிடுவேன்.' தமிழில் மட்டும். கொலுவுக்கு வருகிறவர்கள் நம்மவர்கள்தானே. எதிர் ஃப்ளாட் சோப்ராவுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

செப்டம்பர் 22, திங்கள்

இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு தடவையும் சிவந்தது.

செப்டம்பர் 24, புதன்

கடலைப்பருப்புச் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடை சிவந்தது. ஓடிப் போய்த் திறந்தால் ராஜலக்ஷ்மி! பக்கத்தில் அவள் பெண் ஜ்யோத்ஸ்னா.

முதலில் பெண்தான் தனியாக வந்திருக்கிறாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. சீட்டைப் பார்த்து விழித்துவிட்டு மணியை அடித்திருக்கிறாள். நான் திறந்தால்தானே. சீட்டைப் போட்டோ எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். சோப்ராவுக்குப் பயந்து நான் செய்த கெட்டிக்காரத்தனம்! அதைப் படித்துவிட்டுத்தான் ராஜலக்ஷ்மி இறங்கி வந்திருக்கிறாள்.

"போன வருஷம் மூணு தடவ அடிச்சேன் பிரபா. வேணும்னே தொறக்கலேன்னு நெனச்சுண்டேன்."

"கேக்கல ராஜி."

இவ்வளவுதான் சொன்னேன். ஒரு வருஷமாக இந்த இரண்டு வார்த்தை வரவில்லையே எனக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். சுண்டல் அடிப்பிடித்துவிட்டது, அதையே தின்றோம்.

அவர்கள் போனதும் முதல் வேலை, அதே சீட்டை ஹிந்தியில் எழுதினேன். பெரிய எழுத்தில். சோப்ராவும் படிக்கட்டும், கேஸ்காரரும் படிக்கட்டும்.

அக்டோபர் 4, சனி

பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. படிச் சுருளைக் கழற்றி, ஜன்னலைச் சுற்றி ஒட்டிவிட்டேன். வாசல் ரிமோட்டை என்ன செய்யலாம் என்று இவரிடம் கேட்கவில்லை. அது அங்கேயேதான் இருக்கும்.

டூட்டி முடிந்து இவர் வந்தார். வழக்கம்போல் சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் சிவப்பை அழுத்திவிட்டு, நான் வந்து திறக்கும்வரை வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.