நேரம் அதிகமானதுதான் ஜெயிச்சுதாம்!

1998 செப்டம்பர், செவ்வாய் இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் பம்பு கம்பெனிக்கு ஒன்று வாங்குவதற்காக, ஓட்டிப் பார்க்க இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. பிராசஸர் மட்டும் வேறு வேறு. தாராபுரம் கிளைக்குப் போகும் டிராயிங்குகளை, வெளியாள் திறக்க முடியாதபடி தினமும் என்கிரிப்ட் செய்வது நான்தான். அதே ஃபைல்களை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பத்து நிமிஷம், மற்றது இருபது. எழுதி முதலாளி மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் இருபது நிமிஷ மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை! மற்றதைக் கடைக்காரரிடமே திருப்பி அனுப்பியாச்சு.

"டெஸ்ட்ல இதுதானுங்களே அம்மணி அதிகம் காட்டுச்சு?" என்கிறார் முதலாளி. பம்பு டெஸ்டில் தண்ணீர் அதிகம் இறைப்பதுதானே ஜெயிக்கும், அந்தப் பழக்கம்.

"இது தண்ணியில்லீங்க, நேரமுங்க. தொட்டி நிரம்ப ரெண்டு மடங்கு நேரமாகிற பம்பை நல்ல பம்புன்னு விப்பீங்களா?" என்றேன்.

புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும், "சந்தனம் வெச்சுப்போட்டமுங்களே, இனி எப்படிங்க மாத்தறது?" என்றார்.

அது முடிக்கும்வரை காத்துக் கிடந்து, தினமும் உக்கடம் பஸ்ஸைத் தவறவிடப்போவது அவரா?

நாளைக்குப் போனதும் ஈரத்துணி எடுத்து அந்தச் சந்தனத்தைத் துடைக்கப்போகிறேன். கேட்டால் தூசி என்பேன்.