கூப்பிட்டால் வராத டர்போ

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

டர்போ இன்று எதிர்வீட்டு நாகையா அங்கிளின் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, அவர் வேலிக்குள் புகுந்து! நான் கத்திய கத்தலில் தாமான் குடியிருப்பே வெளியே வந்து பார்த்தது. அவன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கோழியின் ஓர் இறகுகூடக் கசங்கவில்லை. முட்டையைக் கவ்வுவது போலக் கவ்விவந்து என் காலடியில் வைத்தான். வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த ஜெர்மன் பாயிண்டர் நாய் இனம், வேறென்ன செய்வான்? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

“பெருமையா? ரோட்டுல லோரி வந்திருந்தா?” என்றார் அம்மா.

நாகையா அங்கிள் கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணும் ஆவல. ஆனா இந்த அதிர்ச்சில ஒரு மாசம் முட்ட போடாது தம்பி.”

என் நண்பன் தனேஷ் ஜொகூருக்கு வேலை மாறிப் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போன நாய் இது. இப்போது அவனே ஓர் ஆளையும் பிடித்து வைத்திருக்கிறான். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வைத்திருக்கிறவராம், காவலுக்கு நாய் வேண்டுமாம். அம்மாவின் முடிவு: “தீபாவளிக்குள்ள திடல்ல கயிறு இல்லாம விடு. நீ கூப்பிட்டதும் அது வரணும், என் கண்ணு முன்னால. இல்லன்னா அந்த ஆளு கிட்ட குடுத்துரு.”

இன்னதுதான் வேண்டும் என்ற தெளிவான ஸ்பெக். ஏற்றுக்கொண்டேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசியா தினம், விடுமுறை. கோழி ஈரலை அவித்துத் துண்டு போட்டேன். விசில் ஊதினால் ஈரல். பின்கட்டிலிருந்து வாசலுக்கு ஒவ்வொரு தடவையும் புயலாக வந்தான்! இவ்வளவுதானா? மேரு தொழிற்சாலையில் நான் பார்த்துக்கொள்ளும் சென்சார்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஒரே வாரத்தில் முடித்துவிடுவேன்.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டுக்குள் அசைவம் கிடையாது. ஈரல் டப்பா காலையிலேயே தெருப்பூனைக்குப் போய்விட்டது. காலண்டர் பார்க்காமல் புரோஜெக்ட் ஆரம்பித்த முட்டாள் நான்தான்.

20 செப்டம்பர், சனி

பன்னீர், கேரட், சோயாவில் செய்த தெம்பே எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. தெம்பேயை என் ஸ்லிப்பர் மேலேயே துப்பினான். நாய்த் தீனிக்கும் அசையவில்லை. (அது பிஸ்கட் மாதிரி இருப்பதால் சைவம் என்பது அம்மாவின் முடிவு. பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் காட்டவில்லை.)

அதனால் அம்மா பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்டோரில் கிடந்த பழைய ரைஸ் குக்கரை எடுத்துக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஈரல் அவித்தேன். வீட்டுக்கு வெளியேதானே? அம்மா சீக்கிரம் வந்துவிட்டார். கேட்டிலேயே மூக்கைச் சுளித்தார்.

“எந்தக் குக்கர்டா அது?”

“பழசும்மா. ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சி.”

“சும்மாவா? புரட்டாசி சனிக்குச் சாமிக்குப் பொங்கல் வைக்கன்னு தனியா எடுத்து வச்சதுடா! சாயந்தரம் பூசைக்கு நான் எதுல வைப்பேன்?”

டர்போ மட்டும் குக்கர் முன்னால் அழகாக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

புதுக் குக்கர் வாங்கி வந்தேன். அம்மா அதைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

23 செப்டம்பர், செவ்வாய்

வேலை முடிந்து தெலுக் பங்லிமா காராங் போனேன். அந்த ஆள் மரியாதையானவர்தான், காப்பியெல்லாம் வாங்கிக் கொடுத்தார். கொண்டெய்னர்களுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு நாய், குட்டைச் சங்கிலியில். அது சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் மண் வட்டமாகத் தேய்ந்து கிடக்கிறது.

“ஒங்க நாய் நல்லா கொரைக்குமா boss?”

“கொரைக்காது. ஓடும்.”

“ஓட வேணாம் லா. கொரைச்சா போதும்.”

முடியாது. டர்போவை அங்கே — முடியவே முடியாது.

28 செப்டம்பர், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!!

காலையில் டர்போ சப்பாத்து, ஸ்லிப்பர் அடுக்கும் அலமாரி முன்னால் சிலையாக நின்றான். ஒரு முன்னங்கால் மடங்கி, வால் விறைத்து, மூக்கு நேராக. பாம்போ என்று பயந்துபோனேன். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என் வேலைக் கிளவுஸ். கிரீஸ் நாற்றம். எடுத்து வாளிக்கு அடியில் ஒளித்தேன். வீடு முழுக்க மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தான். தோட்டத்தில் ஒளித்தேன், மழைக்கோட்டுக்குள் ஒளித்தேன். உடம்பெல்லாம் நடுங்குகிற அளவுக்குச் சந்தோஷம் அவனுக்கு. தட்டில் தீனி அப்படியே கிடக்கிறது!

இவனுக்குத் தின்பதில் ஆசையில்லை, தேடத்தான் ஆசை. இதை வைத்துக்கொண்டு நான் ஏன் ஈரல் அவித்தேன்? விசில் ஊதுகிறேன், வருகிறான், “தேடு” என்கிறேன், பாய்கிறான். எத்தனை தடவை செய்தாலும் சலிக்கவில்லை. எனக்கும்தான்.

5 அக்டோபர், ஞாயிறு

திடலில் நீளக் கயிற்றோடு. எல்லாம் சரியாகப் போனது, கொக்குகள் வந்து இறங்கும் வரை. அப்புறம் விசிலும் இல்லை, நானும் இல்லை. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில், “போடா, போய்ச் சங்கிலியில கெட” என்று எரிச்சலில் ஒரு தடவை விசிலை ஊதிவிட்டு, கயிற்றையும் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடிவந்தேன்.

பின்னால் தடதடவென்று சத்தம். கொக்கை விட்டுவிட்டு என்னைத் துரத்திக்கொண்டு வருகிறான்!

மறுபடி செய்தேன். மறுபடி வந்தான். நின்று கத்தினால் வரமாட்டான், நான் ஓடினால் வருகிறான். சரி, ஓடுவோம்.

11 அக்டோபர், சனி

பரீட்சை. அம்மா குடையோடு நின்றார். வேடிக்கை பார்க்க நாகையா அங்கிளும் வந்துவிட்டார். கயிற்றை அவிழ்த்தேன். வேண்டுமென்றே செய்தது போலக் கொக்குகள் கால்வாய் ஓரம் இறங்கின. அதற்கு அப்பால் ரோடு. அவன் பறந்தான்.

ஒரே விசில். திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக ஓடினேன்.

“டேய், நீ எங்கடா ஓடுற? நாய் அங்க போவுது!” — அம்மா.

“பையனுக்கும் பயிற்சி போலருக்கு” — நாகையா அங்கிள்.

திரும்பிப் பார்க்காமல் ஓடுவது எவ்வளவு கஷ்டம்! லோரி ஹார்ன் ஒன்று கேட்டது. அப்புறம்...

“வந்துட்டான்! வந்துட்டான் லா!” கத்தியது அம்மா. டர்போ என்னையே தாண்டிப் போய், மூச்சிரைக்கத் திரும்பி நின்று, ‘எங்கே கிளவுஸ்’ என்று பார்த்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், என்ன முடிவு என்று. “மொதல்ல தீபாவளி வரட்டும்” என்றார். இது என்ன பதில்? பாஸா, ஃபெயிலா?

15 அக்டோபர், புதன்

ஓவர்டைம். ஏழு மணிக்கு வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. டர்போ இல்லை. கயிறு இல்லை. அம்மாவும் இல்லை, போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தனேஷுக்குப் போன் அடித்தேன்.

“ஒன் ஆளு லோரி எடுத்துக்கிட்டு வந்தானா? உண்மையச் சொல்லு.”

“எந்த ஆளு மச்சான்? வேற நாய் பாத்துக்கச் சொல்லுன்னு அம்மா போன சனிக்கெழமையே போன் பண்ணிட்டாங்களே. ஒனக்குச் சொல்லலையா?”

திடலுக்கு ஓடினேன். விசில் சத்தம். அம்மா ஓடிக்கொண்டிருக்கிறார் — என் அம்மா! — ஒரு கையில் கழற்றிய ஸ்லிப்பர், பின்னால் டர்போ. என்னைப் பார்த்ததும் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஓவர்டைம்னா ஒரு மெசேஜ் போடமாட்டியா? இவன் எவ்ளோ நேரந்தான் கேட்டையே பாத்துக்கிட்டு நிப்பான்?”

“கிளவுஸ எங்கம்மா ஒளிச்சு வச்சீங்க?”

“சொல்லமாட்டேன். அவனே தேடட்டும்.”