உன் அம்மா போடாத ஓட்டு

திருத்தணி
விரோதி வருஷம், புரட்டாசி 16

சிரஞ்சீவி ஆனந்தனுக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் தங்கை பாஞ்சாலியும் சாப்பிட்டுக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருக்கிறோம், அதற்கு மேல் க்ஷேமம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்பை மலைமேல் இருப்பவன் காப்பாற்றட்டும். நான் கொடுத்த தந்தி வந்து சேர்ந்திருக்கும். தந்தியில் என்ன எழுத முடியும், அம்மா போய்விட்டாள் என்று நாலு வார்த்தை, அதைப் படித்துவிட்டு நீ அங்கே ஒண்டியாக என்ன பாடு பட்டாயோ. கொள்ளியை நானே வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. பாஞ்சாலி இன்னும் தினமும் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேருக்கு அரிசி களைகிறாள்.

நீ எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிய காகிதம் அவள் போன மூன்றாம் நாள் வந்தது. உன் வார்டுக்காரர்கள் வருகிற மே மாதம் கவுன்சில் எலெக்‌ஷனில் உன்னையே நிற்கச் சொல்கிறார்கள், நிற்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால் உனக்கு இங்கே நடந்த ஒரு எலெக்‌ஷனைச் சொல்லவேண்டும். நடந்து மூன்று மாதம் ஆகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

வைகாசியில் நீ ஒரு காகிதம் போட்டிருந்தாய் அல்லவா, உங்கள் ஊரில் ஓட்டுக்கு நிற்பவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தெருவில் என்ன குறை என்று கேட்கிறார், ஒரு கிழவி சந்துக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டாள், ஓட்டுப் போடும்போது ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய், கயிற்றில் கட்டியிருக்கும் பென்சிலால் குறி போட்டுவிட்டு வந்தால் ஆயிற்று என்று. அதை உன் அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அங்கே யார் பேரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாமாம் என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை, எனக்கு எது உடனே தோன்றியிருக்கிறது.

அப்போது இங்கே பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்திருந்தது. நம் வார்டுக்கு ஒன்பது வருஷமாக ரைஸ்மில் கஜபதிதான் மெம்பர், எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் வந்துகொண்டிருந்தவன், மாலை போட்ட அன்றைக்குத் தெருவில் பார்த்தால் உண்டு. இந்தத் தடவை அவனை எதிர்த்து நம் முனியன் மகன் நின்றான். முனியனை உனக்கு நன்றாகத் தெரியும், நம் கழனியில் ஏர் பிடித்தவன். அவன் மகன் நீ சீமைக்குத் தொழில் பழகப் போன வருஷந்தான் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனான், ஒரு கால் ஊனமாகித் திரும்பி வந்து ஊரில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறான். அவன் பேரும் என் பேர்தான், கங்காதரன். குழம்பாமல் இருக்க ஊரில் அவனை மிலிட்டரி என்கிறார்கள்.

கூலிக்காரன் மகன் நம் தெருவுக்கு வந்து ஓட்டுக் கேட்பான் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தான். உண்மையைச் சொல்கிறேன், நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. உன் அம்மாதான் வாசலுக்குப் போய் என்னப்பா என்று கேட்டாள். தெருக்கோடிக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கும்படி ஆகிவிட்டதே, கிருத்திகைக்குக் கிருத்திகை காவடிக் கூட்டம் முழுக்க அதிலேதானே முழுகுகிறது, குடிக்க என்று ஒரு நல்ல கிணறு வெட்ட வைப்பேன் என்றான். "நீங்க வடக்குப் படியில மொள்றீங்க, நாங்க தெக்குப் படியில மொள்றோம், தண்ணி ஒண்ணுதானம்மா" என்றான். அதோடு அவள் முடிவு பண்ணிவிட்டாள். வீடு அவள் பிறந்த வீட்டுச் சீதனம், வரி அவள் பேரில் இருப்பதால் தெருவில் ஓட்டு உள்ள பொம்பிளை அவள் ஒருத்திதான். என் ஓட்டையும் அவனுக்கே போடச் சொன்னாள், சரி என்றேன்.

இங்கே உங்கள் ஊர் மாதிரி பலகைத் தடுப்பு இல்லை. படித்தவன் தானே குறி போடலாம், படிக்காதவர்கள் அதிகாரி பக்கத்தில் போய்ப் பேரைச் சொன்னால் அவர் போடுவார். உன் அம்மா என் பேரை முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. ஆனந்தன் நைனா என்பாள், நீ பிறப்பதற்கு முன்னால் இந்தாங்க என்பாள். என் பேரில் கங்கை இருப்பதால் அந்த வார்த்தையையே விட்டுவிட்டவள், கங்கைச் சொம்பைக் காசிச் சொம்பு என்றுதான் சொல்வாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் ஆத்தா சொல்லிக் கொடுத்தது. முந்தின நாள் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள், நாளைக்கு நான் எப்படிச் சொல்றது என்று. அவள் எவ்வளவு பயந்திருந்தால் என்னிடம் வாய் திறந்து கேட்டிருப்பாள். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே. "தாராளமா சொல்லு, நான் சீக்கிரம் போய்ட்டா நீ ஜம்முனு கப்பலேறி மவன்கிட்ட போய்டலாம்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அவள் சிரிக்கவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒண்ணும் ஆவாது, சொல்லு என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

மறுநாள் நான் காலையிலேயே போட்டுவிட்டுக் கழனிக்குப் போய்விட்டேன். நடந்ததை, அவளுக்குத் துணையாகப் போன பக்கத்து வீட்டுத் தாயம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாருக்கம்மா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். எங்க வீட்டுக்காரர் பேரே வெச்சிருக்கறவருக்கு என்றாளாம். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும், பேரைச் சொல்லு என்றாராம். மிலிட்டரிக்கு என்றாளாம். அப்படி ஒரு பேர் சீட்டில் இல்லை, அது செல்லாது என்று கஜபதியின் ஆள் எழுந்து நின்றுவிட்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வாயைத் திறந்தாளாம், மூடினாளாம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். நேரமாகிறது, போம்மா என்று அதிகாரி சொல்லிவிட்டார். சீட்டு வெறுஞ்சீட்டாகவே பெட்டிக்குள் போயிற்று.

எண்ணிப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் சரிசமமாக நாற்பத்தேழு. இரண்டு பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள், கஜபதி பேர் வந்தது. நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா, கழுதைக்குக் கூட வாய் இருக்குது, உனக்கு இல்லையே என்று கத்தினேன். மறுநாள் மிலிட்டரி வந்து, அம்மா மேல கோவிச்சுக்காதீங்க நைனா, எங்கம்மாவும் எங்கப்பா பேரைச் சொல்லாது என்றான். அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

கிணறு வரவில்லை. கஜபதி வந்து இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல் ஜனம் வந்து குளத்தில் முழுகி மலையேறிப் போயிற்று, நம் ஜனம் வழக்கம்போல் அதையே மொண்டு குடித்தது. ஆவணி பிறக்கும்போதே நம் தெருவில் மூன்று வீட்டில் காய்ச்சல், அதில் நம் வீடு ஒன்று. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து விஷக்காய்ச்சல், தண்ணீரால் வருவது, இனிமேல் காய்ச்சிக் குடியுங்கள் என்றார். இப்போது காய்ச்சிக் குடிக்கிறோம்.

மூன்றாவது வாரத்தில் அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. உன்னைக் கேட்டாள், உன் கம்பளிச் சட்டையைக் கேட்டாள், பாஞ்சாலியை யார் என்று கேட்டாள். கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் பாஞ்சாலி கொல்லையில் இருந்தாள், நான்தான் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஐயா எழுதிக்கோங்க, கங்காதரன், கங்காதரனுக்குத்தான் என் ஓட்டு" என்றாள். எழுத்து எழுத்தாகத் தெளிவாகச் சொன்னாள் ஆனந்தா. முப்பத்துமூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் என் பேர் அவள் வாயில் வந்தது. எழுதிக்கினீங்களா ஐயா என்று திரும்பவும் கேட்டாள். அந்த அதிகாரி மாதிரியே நானும், "ஆங், எழுதிக்கினேன், போம்மா" என்றேன். அவள் சரி என்று படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவே இல்லை. வாசலில் பிச்சைக்கு வந்து நிற்பவனைக்கூட நாம் போய்ட்டு வா என்றுதான் சொல்லி அனுப்புவோம், நான் அவளைப் போ என்று சொல்லிவிட்டேன்.

நீ நில்லப்பா. அம்மா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள், எனக்காக அல்ல, அவளுக்காக நில். ஜெயித்தாலும் தோற்றாலும் எழுது. அங்கே குழாய்த் தண்ணீர் என்றாலும் வெந்நீராகவே குடி. இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை, புதுத்துணி எடுக்காதே, அன்றைய அமாவாசைக்குத் தலை முழுகி அம்மாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடு. பாஞ்சாலிக்குத் தனியாக ஒரு காகிதம் போடு, அவள் என் எதிரில் அழுவதில்லை. உனக்கு ஆயுசும் பேரும் கெட்டியாக இருக்கட்டும், உன் வார்டில் உள்ள ஜனங்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
மு. கங்காதரன்