எந்தச் சாமிக்கு

1946, பங்குனி 18
காலையிலேயே அனல். மிளகாய் காயப் போட்டாயிற்று. மகள் ராசாத்திக்குத் தலை பின்ன எண்ணெய் இல்லை.

சேலத்து அச்சுக்கூடக்காரன் பழனி வந்தான். என் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவர் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறானாம். முதலில் 'சாமி' கட்டுரை. பெரியவரையும் சாமி என்கிறோம், கைக்குழந்தையையும் சாமி என்கிறோம், அப்புறம் மேல் ஏது கீழ் ஏது என்று எழுதினாரே, அது. காலேஜ் வாத்தியார்களெல்லாம் தேடி வந்து கேட்டுப் போனது.

"அவரு எனக்குக் காட்டுன கடைசி நோட்ட மட்டும் அடுப்புல போட்ருங்க அக்கா. அது வெளிய வந்தா சாமிக் கட்டுரையக்கூட ஒருத்தனும் தொட மாட்டானுங்க. நீங்களும் படிக்காதீங்க."

படிக்காதே என்றால் படிக்காமல் இருப்பேனா.

பங்குனி 19
படித்தேன். யுத்த காலத்தில் எழுதியது. ஜெர்மனிக்காரனுக்குப் பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி. வலியவர்களுக்குத்தான் நாடாம், மற்றவர்கள் பாரமாம், களைய வேண்டுமாம். யார் யார் என்று வரிசை வேறு. நொண்டி, குருடு, ஊமை.

ஊமை.

நம் ராசாத்திக்குப் பன்னிரண்டு வயசு, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. கடைசி நாள்வரை தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டினவர் இவர்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார், அவள்தான் தொட்டுக் காட்டுவாள். அந்தக் கையா இதை எழுதியது?

நான் மாவு அரைக்கும்போது, அவர் எழுதியதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் காதில் வாங்காமல் 'உம்' கொட்டுவேன். இதற்கும் கொட்டியிருப்பேன்.

பங்குனி 21
புழுதிக் காற்று. எண்ணெய், புளி, சீயக்காய் வாங்க வேண்டும்.
நோட்டை இரண்டு தடவை அடுப்படிக்கு எடுத்துப் போனேன். ராசாத்தி ஊதுகுழலோடு உட்கார்ந்து சிரித்தாள். திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். இத்தனைக்கும் அந்த மனுஷர்மேல் ஆசை போகவில்லை, அதுதான் கோபம்.

பங்குனி 23
பழனி மறுபடி வந்தான்.

"ஏனுங்க அக்கா, கட்டுரைக் கட்டோட மொதப் பக்கத்துல 'சாமிக்கு'ன்னு மட்டும் எழுதி வச்சிருக்காருங்க. எந்தச் சாமி படம் போடறதுங்க? முருகனுங்களா?"

சிரித்துவிட்டேன். அவர் எந்தக் கோயில் படி ஏறினார்?

"ராசாத்தியத்தான் தம்பி அவரு சாமிம்பாரு."

பழனி ராசாத்தியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அந்த நோட்டு எரிச்சாச்சுங்களா?"

எடுத்துக் கையில் கொடுத்தேன். "இதையும் சேர்த்துப் போடு. ரெண்டையும் ஒரே ஆளுதான எழுதுனாரு."

"அவரு பேரு கெட்டுப்போயிருமுங்க."

"கெட்டா கெடட்டும். படிக்கறவங்க அந்த ஊமைங்கற எடத்துக்கு வாரப்ப, அது யாருன்னு தெரிஞ்சு படிக்கட்டும்."

முதல் பக்கத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: சாமிக்கு. பெயர் ராசாத்தி. இவர் மகள். வாய் பேச வராது.