முப்பது எண்ணும்வரை

ஷாதி,

இஸ்மாயிலியாவில் அக்கா எனக்கொரு அறையை ஒழித்து வைத்து எட்டு மாதமாகிறது.

போன மாதம் கடலில் மூச்சடக்கி மூழ்கி மேலே வந்ததும் நினைவிழந்தாய். முகவாயைத் தாங்கி, முகத்தில் ஊதி எழுப்பினேன். "சும்மா கண்ணை மூடினேன்டி. நீ வரலேன்னா தனியா இறங்குவேன், பாத்துக்க" என்று சிரித்தாய்.

டீக்கடை சுவைலிமிடம் உன்னோடு கடலில் இறங்க வேறு துணை கேட்டேன். "சொன்ன பேச்சு கேக்காதவன்கூட எவன்மா இறங்குவான்?" என்றார்.

நீ மேலே வந்தபின்னும் முப்பது எண்ணும்வரை உன்னைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. நேற்று பன்னிரண்டில் எண்ணிக்கை நின்றுவிட்டது. கரையில் கிளம்பிக்கொண்டிருந்த இஸ்மாயிலியா பேருந்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கவனிக்கவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு, நீ பிடித்து இறங்கும் கயிற்றருகே இருப்பேன். என்னை நம்பி இறங்காதே.

இப்படிக்கு,
உனக்காக எண்ணுபவள்